கண் உருளும் சத்தம்

நாற்பத்தொன்று. சீட்டில் பச்சை மையால் கிறுக்கியிருந்த அந்த எண்ணை முப்பிடாதி இடமிருந்து வலமாகப் பார்த்தாள். கண் உருண்டது. உருண்ட சத்தம் கேட்டது. யாரோ ரொம்பத் தூரத்தில், ஈரத் தரையில், ஆட்டுரலை அரையடி நகர்த்தி வைத்த மாதிரி. தூரத்தில்தான், ஆனால் அந்தத் தூரம் முழுக்க அவளுடைய வலது காதுக்குள் இருந்தது. வலமிருந்து இடமாகப் பார்த்தாள். மறுபடி நகர்த்தினார்கள். சரி, எதையும் பார்க்கவே வேண்டாம் என்று எதிர்ச் சுவரில் தொங்கிய காதுப் படத்தில், நத்தைபோலச் சுருண்டு கிடந்த ஒன்றின்மேல் கண்ணை ஆணியடித்து நிறுத்தினாள். நிறுத்தினால் அடுத்தது ஆரம்பிக்கும். தொப். தொப். அவசரமில்லாமல், ஒரே சீராக, மூங்கில் ஏணியில் வெறுங்காலோடு ஒருவர் ஏறுகிற சத்தம். ஆறு மாதமாக ஏறிக்கொண்டிருக்கிறார். உச்சி வந்தபாடில்லை. அவர் யாரென்று அவளுக்குத் தெரியும், அதனால் அந்தப் பக்கம் நினைப்பை விடாமல் கூடத்தைப் பார்த்தாள். பெரியாஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவு, காலை பத்தரை மணி, அறுபது பேராவது இருப்பார்கள், ஆளுக்கு இரண்டு கண், நூற்றிருபது கண்ணும் இஷ்டத்துக்கு உருள்கின்றன, கடிகாரத்தைப் பார்க்கின்றன, பக்கத்தவளின் சாப்பாட்டுப் பையை எட்டிப் பார்க்கின்றன, ஒன்றிலிருந்தும் ஒரு சத்தம் இல்லை. எப்படி முடிகிறது இவர்களால்? பதினாறு வயசு வரைக்கும் அவளாலும் முடிந்ததே. கண் என்பது சத்தம் போடாத சாமான் என்று அவளும் நம்பிக்கொண்டுதானே இருந்தாள்.

"இருபத்தாறூ! யாரும்மா இருபத்தாறு? எத்தன வாட்டி கத்த?" கதவோரத்து நர்ஸ். காது கேட்காதவர்களைக் கத்திக் கூப்பிட்டு, வரவில்லையென்று கோபித்துக்கொள்கிற இடம் உலகத்திலேயே இது ஒன்றுதான். முப்பிடாதிக்கு உதட்டோரம் துடித்தது. அந்த 'ஆறூ'வின் கடைசியில் ஒரு விக்கல் இருக்கிறது, பாதி விழுங்கின இட்லி மாதிரி, அதைப் பிடித்துவிட்டால் நர்ஸ் மொத்தமும் கைக்குள் வந்துவிடுவாள். எப்போதும் அப்படித்தான். குரலைத் தேடிப் போனால் குரல் கிடைக்காது, ஆள் எங்கே மூச்சு வாங்குகிறார், எந்த எழுத்தில் எச்சில் விழுங்குகிறார், அதைத்தான் முதலில் திருட வேண்டும், குரல் தானாகப் பின்னால் வரும், கன்றைப் பிடித்தால் பசு வருகிற மாதிரி. இப்படித்தான் ஹெட்மிஸ்ட்ரஸைப் பிடித்தாள், ரேஷன் கடைக்காரரைப் பிடித்தாள், பஞ்சாயத்துத் தலைவரை எட்டாங்கிளாஸ் லீவில் பிடித்து, அப்பாவின் மைக்கிலேயே, "அன்பார்ந்த பொதுமக்களே, இன்று மாலை நாலு மணிக்கு வீட்டுக்கு ஒரு மிக்ஸி" என்று இழுத்து இழுத்துச் சொல்லி, ஊர்ப் பெண்கள் அத்தனை பேரையும் மூன்று மணிக்கே கூட்டி வைத்தாள். தலைவரே வந்து வரிசையில் எட்டிப் பார்த்தாராம், நாம எப்ப சொன்னோம் என்று. அன்றைக்கு அப்பாகூட அடிக்க ஓங்கின கையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். மேலே குழாய் கட்டிக்கொண்டிருந்த அப்பாவின் கூட்டாளி மாசானம் மாமா சிரிக்கிற சிரிப்பில் ஏணியே ஆடியது. ஏணி. தொப். இந்தா, எந்த வழியில் போனாலும் அந்த ஏணியடிக்குத்தான் வந்து நிற்கிறது. இப்போது இந்த நிமிஷம் நர்ஸின் குரலில் 'நாப்பத்தொண்ணூ' என்று ஒரு சத்தம் கொடுத்தால் பதினைந்து பேரைத் தாண்டி உள்ளே போய்விடலாம். பழைய முப்பிடாதியாக இருந்தால் கொடுத்திருப்பாள். இப்போது முடியாது. இப்போது யார் குரலை எடுத்தாலும் அது வாய் வழியாக வெளியே போகிறதில்லை, உள்ளே இறங்கி, கோயில் மணிக்குள் தலையை விட்டது போல் மண்டை முழுக்க முழங்குகிறது, அவளுக்குள் அந்த ஆள் ஒரு ஆளுயரத்துக்கு எழுந்து நின்று பேசுகிற மாதிரி. தன் சொந்தக் குரலும் அப்படித்தான் கேட்கிறது. அதனால் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பேச்சைக் குறைத்ததும் வீட்டில், "பாரேன், இப்ப ஊமையாட்டம் நடிக்கா" என்றார்கள்.

அப்பா ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஒற்றை நாற்காலியில் மஞ்சள் பையும் பழைய சீட்டுகளும் இருந்தன, இருந்தாலும் அது பைக்காக விட்ட இடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸிலும் இப்படித்தான், அவள் ஜன்னலோரம், அவர் இரண்டு வரிசை முன்னால். செல்லப்பாண்டி, பாண்டி சவுண்ட் சர்வீஸ், கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் அணுகவும். அது போன வருஷம். இப்போது பலசரக்குக் கடையில் மூட்டை இறக்குகிறார், குழாய் ஸ்பீக்கர்கள் மாட்டுக்கொட்டகையில் வாயைத் தரையில் கவிழ்த்துக்கொண்டு கிடக்கின்றன. நேற்றுச் சாயந்தரம் வீட்டில் பேச்சு முடிந்துவிட்டது. பேசினது அம்மா. "ஒண்ணு இவ ஆட்டம் காட்டுதா, இல்ல இவ மேல ஏறி வேற யாரோ ஆடுதாவ. ரெண்டுல ஒண்ணு. நாளைக்கு அந்தப் பெரிய டாக்டரும் ஒண்ணுமில்லன்னு சொல்லட்டும், வெள்ளிக்கெழம கோடங்கிட்ட கூட்டிட்டுப் போறோம். பள்ளிக்கொடமும் போதும்." அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "சரி" என்றார். ஊர் டாக்டர் அழுக்கு என்று சொட்டு மருந்து கொடுத்தார். டவுன் டாக்டர் சீட்டிலேயே எழுதிவிட்டார், பரீட்சை பயம். இது மூன்றாவது, இதுதான் கடைசி. பேயோட்டுகிற கோடங்கி உடுக்கையைக் காதுக்கு ஆறு அங்குலத்தில் வைத்து அடிப்பாராம். பல்லிடுக்கில் யாரோ விரலை விட்டு இழுத்த மாதிரி அவளுக்குக் கூசியது. சின்னச் சத்தத்துக்கே தரை சாய்கிறது, உடுக்கைக்கு என்ன ஆகும்? விழுவாள். விழுந்ததும், "பாத்தீங்களா, எறங்குதான்" என்பார்கள். "யாரு நீ? சொல்லு, யாரு?" என்று கேட்பார்கள், வேப்பங்குழையால் அடித்துக்கொண்டே. அப்போது அவள் வாயிலிருந்து யார் பேசுவார்? அதுதான். அடிகூடப் பரவாயில்லை. யார் பேசிவிடுவார் என்பதுதான்.

விழுவதைக் கைதட்டி வரவேற்ற கூட்டம் அவளுடையது. ஆடி மாதம், ஆறாவது பீரியட், கணக்கு சார் வரத் தாமதம், "ஏட்டி முப்பி, சாரைப் போடுட்டி" என்று மூன்றாம் பெஞ்சு கெஞ்சியது. போட்டாள். கணக்கு சாருக்குக் குரல் மூக்கில் இருக்கிறது, கோவைப்பழம் வைத்து அடைத்த மூக்கு. "ஸைன் தீட்டாவை எங்கேம்மா தொலைச்சே" என்று அந்த 'ங்'கை மூக்குக்கு ஏற்றி நிறுத்தினாளோ இல்லையோ, கரும்பலகை கழன்று மேலே போனது. பலகை, சுவர், ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே புங்கமரம் எல்லாம் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு போய்ச் சுழன்று திரும்பி வர, அவள் மேஜையைப் பிடிக்கப் போய் மேஜை இல்லாத இடத்தைப் பிடித்து, சாக்பீஸ் தூளில் முகம் குப்புற. வகுப்பே எழுந்து நின்று கைதட்டியது. "சூப்பர்ட்டி! சார் விழுந்த மாதிரியே விழுதா பாரு!" கணக்கு சார் அதற்கு முந்தின மாதம் மெய்யாகவே படியில் விழுந்திருந்தார். அவள் தரையில் கிடந்தபடி, "எனக்கு என்னமோ செய்யுதுட்டி, நெசமா" என்றாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, அந்த இடத்தில் இருந்தால் அவளும் தட்டியிருப்பாள். ஒருவேளை நெசமாகவே இது அவளுடைய வேலைதானோ? எத்தனை பேரைச் செய்து செய்து, கடைசியில் நோயாளியையும் செய்ய ஆரம்பித்து, ஆரம்பித்ததை நிறுத்தத் தெரியாமல்? இந்த நினைப்பு வரும்போது ஒரு நிம்மதியும் வரும். நடிப்பு என்றால் என்றைக்காவது நின்றுவிடும். நடிப்பு என்றால் ஏணியில் ஏறுவது அவரில்லை.

"முப்பத்திரண்டூ!" நர்ஸின் விக்கல் இந்தத் தடவை சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு கிழவர் எழுந்து போனார், அவர் செருப்பு தேய்கிற சத்தத்தைவிடத் தன் கழுத்து திரும்புகிற சத்தம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. சரி. நினைக்கத்தான் போகிறாள் என்றால் ஒழுங்காக முதலிலிருந்து நினைத்து முடித்துவிடலாம், ஒரு தடவையாவது. போன ஆவணி, செவ்வாய்க்கிழமை, ஊர்க் கோயில் கொடை. அப்பாவுக்கும் மாசானம் மாமாவுக்கும் ஒரு முறை உண்டு. மாமா மரத்தில் ஏறிக் குழாயைக் கட்டுவார், சீரியல் பல்பு வயரை வெறும் விரலால் முறுக்கி இணைப்பார், எல்லாம் முடிந்து கை எடுத்த பிறகு, உச்சாணியிலிருந்து, "போடூஊ" என்று ஒரு சத்தம், நாலு தெருவுக்குக் கேட்கும், கீழே அப்பா சுவிட்சைப் போடுவார். அந்தச் சொல் வராமல் அப்பா கை நகராது. பதினெட்டு வருஷமாக நகர்ந்ததில்லை. அன்றைக்கு சுவிட்சுப் பலகை பந்தலுக்குப் பின்னால் படுதா மறைவில் இருந்தது, அங்கே நின்றால் படுதாவும் ஜெனரேட்டரும்தான் தெரியும், வேப்பமரத்தின் அடிகூடத் தெரியாது. அவள் கடைசிப் பீரியடைக் கட்டடித்துவிட்டு வந்திருந்தாள், யாருக்கும் தெரியாது. படுதாவுக்கு இந்தப் பக்கம் பதுங்கி நின்றாள். அப்பாவின் கால் தெரிந்தது, பெருவிரலில் கறுத்த நகம். முன்னால் ஒரு கல்யாண வீட்டில் இதே விளையாட்டைக் காட்டியிருக்கிறாள், கட்டி முடித்து மாமா பீடி பற்றவைத்த நேரத்தில் அவர் குரலில் 'போடூஊ' என்று விட, பல்பெல்லாம் எரிய, மாமா பீடியும் வாயுமாக, "எவம்ல என் வாய்க்குள்ள இருந்து பேசுதது?" என்று கேட்க, கல்யாண வீடே உருண்டது. அதே சிரிப்பு இன்னொரு தடவை. அவ்வளவுதான். வாயைத் திறந்தாள். மூச்சை மாமா இழுக்கிற மாதிரி இரண்டு தவணையாக இழுத்தாள். 'போடூஊ.' சத்தம் வந்தது. எங்கிருந்து வந்தது? இங்கேதான் எப்போதும் சிக்கிக்கொள்கிறது. அவள் வாயைத் திறந்தபோது அது ஏற்கெனவே மேலே தொடங்கிவிட்டது என்று ஒரு ஞாபகம் இருக்கிறது, மரத்து உச்சியிலிருந்து அது வந்து அவள் வாய்க்குள் நுழைந்து வெளியே போன மாதிரி. அந்த ஞாபகம் அன்றைக்கே இருந்ததா, பிறகு அவளே உண்டாக்கிக்கொண்டதா? அப்பாவின் கறுத்த நகம் ஒரு அடி முன்னால் வந்தது. கடக். அப்புறம் ஒரு சத்தம், அதை மட்டும் அவளால் இன்றுவரை செய்ய முடியாது, செய்து பார்த்ததுமில்லை. ஓடினாள். வாய்க்கால் வழியாக வீட்டுக்குப் போய் சமூக அறிவியல் புஸ்தகத்தைத் தலைகீழாக விரித்து உட்கார்ந்துவிட்டாள். மாமாவின் சாவு விசாரணையில் அப்பா ஒரே சொல்லில் நின்றார். "அவன் போடுன்னான். எனக்குக் கேட்டுச்சு." மரத்தடியில் நின்ற நாலு பேருக்கும் ஜெனரேட்டர் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. மாமாவின் தம்பி நடுத்தெருவில் வைத்துக் கேட்டார், "எங்க யாருக்கும் கேக்காதது ஒமக்கு மட்டும் எப்பிடிவே கேட்டுச்சு?" மாசியில் பிள்ளைகளோடு நீந்தக் கிணற்றில் குதித்தபோது முப்பிடாதியின் காதுக்குள் டொப்பென்று ஏதோ திறந்துகொண்டது. அன்று சாயந்தரம் கண்ணை உருட்டினாள், கேட்டது. படுத்தாள், தொப், தொப். வந்துவிட்டார் என்று நினைத்தாள். எந்த வாய் தன் குரலில் பேசியதோ அதற்குப் பின்னாலேயே வந்து குடியேறிவிட்டார்.

"நாப்பத்தொண்ணூ!" அப்பா எழுந்தார். அவள் எழுந்தாள், தரை லேசாக ஒருக்களித்துவிட்டு நேரானது. உள்ளே டாக்டர் எஸ்தர், ஐம்பது வயசு, ஜலதோஷம் பிடித்த தட்டையான குரல், ஒவ்வொரு கேள்வி முடிவிலும் பேனா மூடியை ஒரு சொடுக்கு. மூச்சு மார்பில் இல்லை, தோள்பட்டையில். சே, இப்போது வேண்டாம். "உக்காரும்மா. என்ன செய்யுது?" யார் குரலும் கலக்காமல் சொல்ல வேண்டும் என்று வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள், ஒத்திகை பார்த்ததாலேயே அது இன்னொருத்தியின் குரல் மாதிரி வந்தது. "மாசியில கெணத்துல குதிச்சதுலருந்து, மேடம், கண்ண உருட்டுனா சத்தம் கேக்கு. நடந்தா குதிங்கால் இடிக்கது தலைக்குள்ள கேக்கு. பேசுனா மண்டைக்குள்ள முழங்குது. சில சத்தத்துக்கு எல்லாம் சுத்துது." டாக்டர் சிரிக்கவில்லை, அதுவே முப்பிடாதிக்குப் பயமாக இருந்தது. அப்பா சுவரோரம் நின்றபடி, "மேடம், ஒண்ணு சொல்லிருதேன். இவ எல்லாரு மாதிரியும் பேசிக் காட்டுவா. ஊரையே ஏமாத்துவா. எங்களுக்கு இதுல எது நெசம்னு..." என்று இழுத்து நிறுத்தினார். "யார் மாதிரியும் பேசுவியா?" "ம்." "என்னை மாதிரி?" "இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம் பேசுனீங்கன்னா." டாக்டர் பேனா மூடியைச் சொடுக்கிவிட்டு, இழுப்பறையிலிருந்து தட்டினால் ரீங்கரிக்கிற, இரண்டு விரல் கொண்ட ஒரு இரும்புக் கவையை எடுத்தார், முழங்கையில் தட்டினார், குனிந்து, அவளுடைய வலது கணுக்கால் எலும்பின்மேல் அதன் காம்பை வைத்தார். "கேக்குதா?"

கேட்டது. கணுக்காலிலிருந்து கிளம்பின ஒரு பெரிய வண்டு முழங்கால், இடுப்பு, முதுகு என்று ஒரு இடத்திலும் இறங்காமல் நேரே வந்து வலது காதுக்குள் உட்கார்ந்து ரீங்கரித்தது. ஆனால் முப்பிடாதி பொறி வைக்கத் தெரிந்தவள், அதனால் பொறியை அடையாளம் கண்டுகொண்டாள். காலில் வைத்துவிட்டுக் காதில் கேட்கிறதா என்றால் என்ன அர்த்தம்? யாருக்காவது காலில் காது இருக்குமா? கேட்கிறது என்று சொல்கிறவள் பொய்க்காரி, மாட்டினாள், சீட்டில் எழுதி அனுப்பிவிடலாம். அவளே ஒருத்தியைப் பரிசோதித்தால் இப்படித்தான் செய்வாள். நம்பவைக்க வேண்டுமென்றால் நம்பும்படியாகச் சொல்ல வேண்டும். வண்டு இன்னும் இரைந்துகொண்டிருக்கும்போதே, "கேக்கல" என்றாள். "கொஞ்சம்கூட?" "இல்ல." டாக்டர் நிமிர்ந்தார். முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. நாற்காலிக்குத் திரும்பி, சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தார், பேனா நகர நகர முப்பிடாதியின் கண் கூடவே நகர்ந்து உள்ளே ஆட்டுரல் உருண்டது. தலைகீழாகப் படிக்க அவளுக்கு வரும். ம. ன. ந. 'ல'வுக்குச் சுழி போடும்போது, "பொய் சொன்னேன்" என்றாள். "கேட்டுச்சு. வலது காதுல. வண்டு மாதிரி. கேக்குன்னு சொன்னா பொய்யின்னு நெனப்பீங்கன்னுதான் கேக்கலன்னேன்." அப்பா, "பாத்தீங்களா மேடம்" என்று மூச்சு விட்டார். டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு அவள் கண்ணைக் கட்டி, நாலு தடவை காலில் வைத்தார். கேட்டது, கேட்டது, "இது நீங்க தட்டாம வெச்சது", கேட்டது. "நாலும் சரி" என்றார் டாக்டர் தட்டையாக. "ஆனா நீ கெட்டிக்காரி. சொன்னதை மாத்தவும் செய்யிறே. உன் வார்த்தையை மட்டும் வெச்சு இதை எழுத முடியாது. நான் நினைக்கிறது ரொம்ப அபூர்வமான விஷயம்மா, இருபத்திரண்டு வருஷத்தில ரெண்டே பேர்கிட்டதான் பாத்திருக்கேன். உன் கண்ணு ஆடுறதை நான் பாக்கணும். சத்தம் கொடுக்கிற மெஷின் ரிப்பேர். எந்தச் சத்தத்துக்குச் சுத்தும்னு சொன்னே?"

தடித்த கண்ணாடி ஒன்றை மாட்டிவிட்டார்கள், உள்ளே குட்டி பல்பு, வெளியே எல்லாம் பாலாடை. அப்பா ஒரு சாம்பல் கறை. டாக்டருக்கு அவள் கண் இரண்டும் கோழிமுட்டைப் பெரிசில் தெரியுமாம். கணக்கு சாரைப் போட்டாள். "ஸைன் தீட்டாவை எங்கேம்மா." பாலாடை லேசாக நழுவியது. "ம்ம். என்னவோ அசையுற மாதிரி இருக்கு. போதாது. இதைவிட ஜாஸ்தியாச் சுத்துற சத்தம் ஏதாச்சும் இருக்கா?" இருந்தது. கிணற்றில் குதித்த அடுத்த நாள், வீட்டில் யாருமில்லாதபோது, ஒரே ஒரு தடவை, மெதுவாக, வாய்க்குள்ளேயே செய்து பார்த்தாள், இன்னும் வருகிறதா என்று. வீடு மொத்தமும் கவிழ்ந்து, கூரை காலுக்குக் கீழே போய், கொல்லை வாசல்வரை அவள் ஊர்ந்துதான் வந்தாள். "இருக்கா, இல்லையாம்மா?" சாம்பல் கறை அசையாமல் நின்றது. இல்லை என்று சொல்லலாம். சொன்னால் சீட்டில் பாக்கி எழுத்தை எழுதிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை உடுக்கை, 'யாரு நீ, சொல்லு', அங்கே எப்படியும் அந்தக் குரல் வந்துவிடும், ஊர் மொத்தமும் கூடி நிற்கையில், மாமாவின் தம்பியும் நிற்கையில். இருக்கிறது என்று சொன்னால் இங்கே, இந்த நாலு சுவருக்குள், அப்பாவுக்கு முன்னால். தொப், தொப், தொப். ஏணியில் வேகம் கூடிவிட்டது, இரண்டிரண்டு படியாகத் தாண்டுகிறார். அப்பாவை வெளியே போகச் சொல்லச் சொல்லலாமா? சொன்னால் ஏன் என்பார்கள். கதவு மெல்லிசு, அந்தக் குரல் நாலு தெருவுக்குக் கேட்கிற குரல். "இருக்கு" என்றாள். "அப்ப செய்." மூச்சை இழுத்தாள், ஒரு தவணை, இன்னொரு தவணை. "போடூஊ."

மணிக்குள் அடித்தது நாக்கு. அவளுக்குள் உச்சிவரை அவர் எழுந்து நின்றார், பாலாடை உலகம் மேலே பிய்த்துக்கொண்டு போய், முறுக்கிச் சுழன்று, இறங்கி, மறுபடி போனது, நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள், நாற்காலியும் கூடவே போனது. "ஐயோ, ஆடுது!" டாக்டரின் ஜலதோஷமே தெளிந்துவிட்டது. "மேல போய்ச் சுழண்டு வருதே, எவ்வளவு அழகா! " பயிற்சி டாக்டரைக் கூப்பிட்டார். "ரெமி, இங்க ஓடி வா, இதைப் பாரு. இன்னொரு தடவை செய்ம்மா." செய்தாள். "போடூஊ." "வலது பக்கம்தான், பாத்தியா? இன்னும் ஒரே ஒரு தடவை, வீடியோ எடுத்துக்கிறேன்." "போடூஊ." மூன்றாவது தடவை முடிந்தபோது வாந்தி தொண்டைக்குள் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார்கள். அப்பா அதே இடத்தில்தான் நின்றார். பை கீழே விழுந்து பழைய சீட்டுகள் காலடியில் சிதறியிருந்தன. அவருடைய வலது கை இடுப்புயரத்தில், காற்றில், எதையோ பற்றிக் கீழே அழுத்தின நிலையில் நின்றுகொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தார். மெதுவாக விரல்களைப் பிரித்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் காகிதத்தில் படம் போட்டுச் சொன்னார். காதின் உள்பக்கம் தண்ணீர் நிரம்பின மூன்று வளையக் குழாய் இருக்கிறது, அதுதான் நம்மைச் சாயாமல் வைத்திருப்பது. மேல் குழாய்க்குக் கூரையாக முட்டையோட்டுக் கனத்தில் ஒரு எலும்பு. "உனக்கு அந்தக் கூரையில ஓட்டை விழுந்திருக்கணும். பொறவியிலேயே மெல்லிசா இருந்திருக்கும், கிணத்துல குதிச்ச வேகத்துல விட்டுப்போச்சு. ஓட்டை இருந்தா உடம்புக்குள்ள இருக்கிற சத்தம் எல்லாம் காதுக்கு வந்துரும். கண்ணு உருள்றது, காலு இடிக்கிறது, இதயம் துடிக்கிறது." "தொப் தொப்புன்னு கேக்கது?" "அது உன் நெஞ்சுதாம்மா. வேற யாரு?" அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஆறு மாதமாக ஏறிக்கொண்டிருந்தவர் இல்லை. யாருமே வரவில்லை. மன்னிக்கவோ மிரட்டவோ ஒருவரும் இல்லாத ஒரு பெரிய இருட்டு மண்டபத்தில், ஒரு ஓட்டையோடு, அவள் நெஞ்சு மட்டும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. "ஸ்கேன்ல உறுதியாயிட்டா ஆபரேஷன் பண்ணி அடைச்சிரலாம். மண்டைக்குப் பக்கத்துல பண்றது, சின்ன வேலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா செய்யலாம்." அப்பாவைப் பார்த்து, "உங்க பொண்ணு பொய் சொல்லல. இந்தக் கண்ணாட்டத்தை யாராலும் நடிக்க முடியாது" என்றார். அப்பா, "சரிங்க மேடம்" என்று குனிந்து சீட்டுகளைப் பொறுக்கினார். ஒவ்வொன்றாக, ரொம்ப நேரம் பொறுக்கினார்.

வெளி வராந்தாவில் மருந்து வாங்கும் வரிசை ஒரு பக்கம், சலவைத் துணி வண்டி ஒரு பக்கம். அப்பா ஜன்னல் கம்பியோரம் நின்றார், அவளும் நின்றாள். இப்போது கேட்பார். நீதானா என்று கேட்பார், ஆமா என்று சொல்ல வேண்டும், வேறு எந்தக் குரலுக்குள்ளும் ஒளிய முடியாது. அவர் வாயைத் திறப்பதற்குள் வண்டி கடந்து போனது, அதன் சக்கரக் கிறீச்சில் வராந்தா ஒருதரம் சாய்ந்து திரும்பியது, அப்பாவின் கை அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தியது. பிடித்த கையை எடுக்கவில்லை. "ஏட்டி" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "அன்னைக்கு மாசானம்தான் போடுன்னான். மேலருந்து. அவன் வாயசைஞ்சத நான் என் கண்ணால பாத்தேன்." பொய் சொல்வதற்கு முன் அப்பா தொண்டையைச் செருமுவார், சொல்லும்போது கடைசிச் சொல்லைக் கொஞ்சம் அமுக்கிச் சொல்வார். கடையிலிருந்து பட்டினியாக வந்து, "சாப்ட்டாச்சு" என்று அம்மாவிடம் சொல்கிற குரல். அந்தக் குரலை அவள் எத்தனையோ தடவை செய்து காட்டியிருக்கிறாள், அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்திருக்கிறாள். சுவிட்சுப் பலகையிலிருந்து மரம் தெரியாது. அது அவருக்கும் தெரியும், அவளுக்குத் தெரியும் என்பதும் இப்போது அவருக்குத் தெரியும். அவர் கம்பிக்கு வெளியே பார்த்துக்கொண்டு அவள் பதிலுக்காக நின்றார், விசாரணையில் நின்ற மாதிரியே.

"ஆமாப்பா," என்றாள் முப்பிடாதி. "நானும் பாத்தேன்."

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். பள்ளிக்கூட நேரத்தில் அவள் அங்கே எப்படி வந்தாள் என்று அவர் கேட்கவில்லை.